சோழன் சேவகம் துறந்த திருமங்கை மன்னன்

கெடில நதிக்கரையில், ஔஷதகிரியின் அடிவாரத்தில் தெய்வநாயகன் எழுந்தருளியிருக்கும் திருவஹீந்திரபுரத்தைச் சேவித்து, கடலூர் வழியாகத் தெற்கு நோக்கி வந்து, தில்லைத் திருச்சித்திரகூடத்தில் அரவணைமேல் பள்ளிகொண்ட கோவிந்தராஜப் பெருமாளைச் சேவிக்கும் அன்பர்கள் ஒரு செய்தியை நினைவிற்கொள்ள வேண்டும். இவ்விரண்டு திவ்யதேசங்களையும் இதே வரிசையில் மங்களாசாஸனம் செய்தருளிய ஆழ்வார் ஒருவர் உளர். பெரிய திருமொழியின் மூன்றாம் பத்தில் முதல் திருமொழி திருவஹீந்திரபுரத்துக்கு உரியது. அடுத்த இரண்டு திருமொழிகள் தில்லைத் திருச்சித்திரகூடத்துக்கு உரியன. நான்காவது, கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள காழிச் சீராமவிண்ணகரத்துக்கு உரியது. நாம் இன்று பேருந்திலும் புகைவண்டியிலும் கடந்துவரும் இவ்வழியைத் திருமங்கையாழ்வார் தம் பாசுரங்களாலேயே அளந்து வைத்திருக்கிறார்.

இவ்வழியே பாடிவந்த அந்தப் பெருமான், தம் வாழ்நாளின் முற்பகுதியில் ஓர் அரசனிடம் சேவகம் செய்தவர். அந்த அரசன் அவரை எளிதில் விட்டுவிடவில்லை. பற்றிய கையை அவன் எவ்வாறு விட்டான், விடுபட்டவர் எங்குச் சென்று சேர்ந்தார் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நீலர் பரகாலரான வரலாறு

சோழவளநாட்டில், சீர்காழிக்கு அண்மையில் உள்ள திருக்குறையலூர் ஆழ்வாரின் அவதாரத் தலம். நள வருடம் கார்த்திகைத் திங்கள் கிருத்திகை நன்னாளில், எம்பெருமானுடைய சார்ங்கம் என்னும் வில்லின் அம்சமாக அவர் திருவவதரித்தார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. பெற்றோர் இட்ட பெயர் நீலன் என்பதாம். பல்லவமன்னன் நந்திவர்மனுடைய போர்ச்செயல்களைக் கச்சிப் பரமேச்சுர விண்ணகரத் திருமொழியில் ஆழ்வார் குறித்திருத்தலால், அவர் வாழ்ந்த காலம் 8ஆம் நூற்றாண்டு என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

நீலருடைய குலத்தவர் சோழமன்னனுக்குப் படைத்தொழில் புரிந்து வந்தவர்கள். அவரும் இளமையிலேயே வாளும் வேலும் பயின்று, குதிரை ஏற்றத்தில் வல்லவராகி, சோழனுடைய சேனையில் சேர்ந்தார். பகைவர்க்குக் காலன் போன்றவர் என்னும் பொருளில் பரகாலன் என்ற பட்டம் அவருக்கு வாய்த்தது. அவருடைய வீரத்தை மெச்சிய அரசன், திருவாலிநாட்டை அவருடைய ஆட்சியில் ஒப்புவித்து, திருமங்கை என்னும் ஊரைத் தலைநகராகக் கொடுத்தான். அதுமுதல் அவர் திருமங்கை மன்னன் எனப்பெற்றார்.

மன்னன் என்னும் பெயர் இருந்தாலும் அவர் தனியரசர் அல்லர். ஆண்டுதோறும் சோழனுக்குக் கப்பம் செலுத்தவேண்டும். அழைத்தபோது படையுடன் செல்லவேண்டும். இன்றைய வழக்கிற் சொன்னால், பெரும் பொறுப்பும் மிக்க ஊதியமும் உடைய ஓர் உத்தியோகத்தில் அவர் இருந்தார். ஆடல்மா என்னும் குதிரையும், நீர்மேல் நடப்பான், நிழலில் ஒதுங்குவான், தாளூதுவான், தோலாவழக்கன் என்னும் நான்கு அமைச்சர்களும் அவருக்குத் துணையாயினர். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை.

குமுதவல்லியார் விதித்த நியமம்

திருநாங்கூர்த் திருப்பதிகளுள் ஒன்றாகிய திருவெள்ளக்குளத்தில் வைத்தியர் ஒருவருடைய இல்லத்தில் வளர்ந்துவந்த குமுதவல்லியாரை மணக்க விரும்பிப் பரகாலர் சென்றார். பதவியையோ செல்வத்தையோ கண்டு அந்த அம்மையார் இசையவில்லை. அவர் விதித்தவை இரண்டு. பஞ்ச சம்ஸ்காரம் பெற்று வைஷ்ணவராதல் ஒன்று. ஓராண்டுக் காலம் நாள்தோறும் 1008 வைஷ்ணவர்களுக்கு அமுது செய்வித்தல் மற்றொன்று. பரகாலர் திருநறையூருக்குச் சென்று நம்பியின் திருமுன்பே திருவிலச்சினை பெற்றார். அமுதுபடிக்கும் இசைந்து அம்மையாரைக் கைப்பிடித்தார்.

நாளொன்றுக்கு 1008 இலைகள் என்றால் ஓராண்டில் 3,67,920 இலைகள் ஆகும். அரிசியும் பருப்பும் நெய்யும் காய்கறிகளும் விறகும் எவ்வளவு வேண்டும் என்பதை, திருவிழாக் காலத்தில் மடைப்பள்ளியை எட்டிப் பார்த்தவர்கள் ஒருவாறு உணர்வார்கள். பரகாலருடைய கைப்பொருள் கரைந்தது. சோழனுக்கு உரிய கப்பப்பணமும் ததீயாராதனத்தில் செலவாயிற்று.

அடியார்கள் முகமலர்ந்து அமுது செய்வதைக் கண்ணாரக் கண்டவருக்கு, போர்க்களத்தில் பெற்ற பட்டங்கள் பெரியனவாகத் தோன்றவில்லை. ஓர் உத்தியோகத்தை உள்ளத்தால் விடுதல் முன்னே நிகழ்கிறது. உடலால் விடுதல் பின்னே நிகழ்கிறது. பரகாலரின் உள்ளம் சோழனை விட்டு அப்போதே நீங்கிவிட்டது. ஆனால் கணக்கு நீங்கவில்லை.

அரசன் பிடித்த மூன்று பிடிகள்

கப்பம் வாராமை கண்ட சோழன் முதலில் தன் அதிகாரிகளை அனுப்பினான். அவர்கள் வந்து கேட்டார்கள். பரகாலர் இன்று, நாளை என்று தவணை கூறினார். அவர்கள் மீண்டும் மீண்டும் நெருக்கவே, சினந்து விரட்டிவிட்டார்.

இரண்டாவதாக அரசன் படையை ஏவினான். எந்த வீரத்துக்காக அவன் அவருக்கு நாட்டைக் கொடுத்தானோ, அதே வீரம் அவனுடைய படையைப் புறங்காட்டி ஓடச் செய்தது. அரசனே நேரில் வந்தும் வெல்ல இயலவில்லை.

மூன்றாவது பிடி இனிய சொல்லாகும். சோழன் பரகாலருடைய ஆண்மையைப் புகழ்ந்து, குற்றம் பொறுத்ததாகக் கூறி, அஞ்சாமல் வருமாறு அழைத்தான். வாளுக்கு அஞ்சாத பரகாலர் இந்தச் சொல்லை நம்பிச் சென்றார். சென்றபின், கப்பத்தைச் செலுத்தும்வரை போகலாகாது என்று தன் மந்திரியின் காவலில் அவரை அரசன் நிறுத்திவிட்டான். மூன்று நாள் உணவின்றி அவர் காவலில் இருந்தார்.

மிரட்டலை எதிர்த்து நிற்கும் துணிவு பலருக்கு உண்டு. புகழ்ச்சியை எதிர்த்து நிற்பது அரிது. ஒருவரை இருத்திவைக்க விரும்பும் தலைவர்கள் எக்காலத்திலும் இம்மூன்று வழிகளையுமே கையாளுகிறார்கள். நினைவூட்டுவார்கள், அச்சுறுத்துவார்கள், இரண்டும் பயன்படாவிடில் உம்மைப்போல் உண்டோ என்று உச்சிகுளிரப் பேசுவார்கள்.

பேரருளாளன் தீர்த்த கணக்கு

காவலில் இருந்தவருடைய கனவில் கச்சிப் பேரருளாளன் தோன்றினான். காஞ்சிக்கு வந்தால் கப்பத்துக்கு வேண்டிய பொருளைக் காட்டுவதாக அருளினான். பரகாலர் அதனைக் கூறியபோது, அரசன் காவலருடன் அவரைக் காஞ்சிக்கு அனுப்பினான். அங்கே வேகவதி ஆற்றங்கரையில், எம்பெருமான் குறித்த இடத்தில் பெரும் புதையல் கிடைத்தது. கப்பத்துக்கு உரிய தொகை முழுவதும் அரசனுடைய ஆட்களிடம் அளிக்கப்பட்டது. எஞ்சியது மீண்டும் ததீயாராதனத்துக்கு ஆயிற்று. நிகழ்ந்ததைக் கேட்ட சோழன், தான் காவலில் வைத்தது எத்தகைய அடியாரை என்பதை உணர்ந்து, தன் பிழையைப் பொறுத்தருளுமாறு வேண்டினான்.

அன்பர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். பேரருளாளன் நினைத்திருந்தால் காவற்கதவைத் திறந்திருக்கலாம். காவலரை உறங்கச் செய்திருக்கலாம். அடியார்க்கு அமுது படைத்த பணத்தை அரசன் கேட்பது தகாது என்று அவனுடைய கனவிலே தோன்றிக் கடிந்திருக்கலாம். அவற்றுள் ஒன்றையும் அவன் செய்யவில்லை. கடனை இல்லையாக்கவும் இல்லை. கடனைக் கொடுத்துத் தீர்த்தான்.

ஆழ்வாருடைய செயலைக் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. ஆயினும் எம்பெருமான் செய்துகாட்டியதை நாம் காணாதிருத்தலும் ஆகாது. நற்காரியத்துக்கே செலவிட்டாலும், பிறருக்குச் சேரவேண்டிய பொருள் அவரைச் சேர்ந்தே ஆகவேண்டும். ஒரு தலைவனை விட்டு விலகுபவன் அவனுக்குத் தரவேண்டியதைத் தந்துவிட்டால், அதன்பின் அவனைத் தடுத்து நிறுத்தும் உரிமை அத்தலைவனுக்கு இல்லை. சோழனுக்குக் கப்பத்தின்மேல் உரிமை இருந்தது. பரகாலருடைய ஆன்மாவின்மேல் உரிமை இல்லை. கப்பம் தீர்ந்த அன்றே இந்த இரண்டும் வெவ்வேறு என்பது உலகுக்குத் தெரிந்தது. எதிர்த்துப் போரிட்டபோது கிடைக்காத விடுதலை, கணக்கு நேரானபோது கிடைத்தது.

விடுதலைக்குப் பின் வந்த இடர்

பழைய தலைவனை விட்டதனாலேயே எல்லாம் நன்றாகிவிடும் என்று எண்ணுவோருக்கு ஆழ்வாருடைய சரிதம் ஓர் எச்சரிக்கையும் வைத்திருக்கிறது. புதையற்பொருளும் ஒருநாள் தீர்ந்தது. அமுதுபடி நிற்கலாகாது என்னும் உறுதி மட்டும் தீரவில்லை. வருவாய் இல்லாத பரகாலர், தம் நான்கு துணைவருடன் வழிப்பறியில் இறங்கினார். நாட்டைக் காத்த வாள் வழிப்போக்கரை மறித்தது. அந்தப் பொருளும் அடியார்க்கே சென்றது என்பது உண்மை. ஆனால் அவருடைய உள்ளம் ஓய்வு பெறவில்லை.

அவரை ஆட்கொள்ளத் திருவுள்ளங்கொண்ட வயலாலி மணவாளன், புதுமணக்கோலத்தில் பிராட்டியுடனும் பரிவாரங்களுடனும் திருமணங்கொல்லை வழியே வந்தான். அரசமரத்தருகில் மறித்த பரகாலர், அணிகலன்கள் அனைத்தையும் கவர்ந்தார். திருவடியில் இருந்த அணி ஒன்று கழலவில்லை. அதைப் பல்லாற் கடித்து வாங்க முயன்றார். வாளை ஓங்கி நின்ற கரத்தினர், தம்மை அறியாமலே அந்தத் திருவடியிலே தலை தாழ்ந்தார். அப்போதுதான் கலியன் என்னும் திருநாமம் எம்பெருமானுடைய திருவாயால் அவருக்குக் கிடைத்தது.

கவர்ந்த பொருளை மூட்டையாகக் கட்டியபோது அது எடுக்கவராமல் நிலத்தில் ஊன்றிக் கிடந்தது. என்ன மந்திரம் செய்தாய், சொல் என்று மணவாளனை அவர் அதட்டினார். மணவாளனாக வந்தவன் அவருடைய செவியிலே திருவஷ்டாக்ஷர மந்திரத்தை உபதேசித்தருளி, கருடன்மேல் தன் உண்மை வடிவைக் காட்டினான். பொருள் தேடிய கை கூப்பியது. இந்த வேடுபறி லீலை இன்றும் திருநகரியில் பங்குனித் திருநாளிலும், திருவரங்கத்தில் இராப்பத்தின் எட்டாம் நாளிலும் உற்சவமாக நடைபெறுகிறது.

பெரிய திருமொழியின் முதற்பதிகம் இந்த நிகழ்ச்சியின் பின் பிறந்தது. வீணே கழிந்த நாட்களை எண்ணி வருந்தி, நாராயணா என்னும் நாமத்தைத் தாம் கண்டுகொண்டதை அதில் ஆழ்வார் பாடுகிறார். சோழனை விட்டபோது அவர் ஒரு தலைவனை இழந்தார். திருமணங்கொல்லையில்தான் மற்றொரு தலைவனை அடைந்தார். இந்த இரண்டுக்கும் இடையிலிருந்த காலமே அவருடைய வாழ்வில் மிகக் கொடிய காலம்.

அடியவர்க்கு மெய்யன்

அதன்பின் ஆழ்வார் வடக்கே வதரி முதலாகத் திவ்யதேசங்கள் தோறும் சென்று பாடினார். அவருடைய பாடல் பெற்ற திருப்பதிகள் 80க்கும் மேற்பட்டவை. பெரிய திருமொழி, திருக்குறுந்தாண்டகம், திருநெடுந்தாண்டகம், திருவெழுகூற்றிருக்கை, சிறிய திருமடல், பெரிய திருமடல் என்னும் ஆறு பிரபந்தங்கள் அவர் அருளியவை. பெரிய திருமொழி மட்டும் 1084 பாசுரங்கள் கொண்டது.

அந்த யாத்திரையில் அவர் கெடிலக் கரைக்கு வந்தார். ஆழ்வார்களுள் திருவஹீந்திரபுரத்துக்குத் தனித் திருமொழி அருளியவர் இவர் ஒருவரே. அத்தலத்து எம்பெருமானை அடியவர்க்கு மெய்யன் என்று அவர் போற்றினார். அந்தத் திருநாமமே தெய்வநாயகனுக்கு நிலைத்துவிட்டது. சொன்ன சொல்லை மாற்றிக் காவலில் வைத்த ஒரு தலைவனைக் கண்டவர் அவர். தன்னை அடைந்தவர்க்கு ஒருநாளும் பொய்க்காத தலைவனைக் கண்டபோது மெய்யன் என்று அழைத்தது எவ்வளவு பொருத்தம்!

பிற்காலத்தில் இதே தலத்தில் பல ஆண்டுகள் எழுந்தருளியிருந்து, தேவநாயக பஞ்சாசத்தும் மும்மணிக்கோவையும் நவமணிமாலையும் அருளிய வேதாந்த தேசிகரும், விசயநகர அரசவைக்கு வருமாறு வந்த அழைப்பை ஏற்காமல் விடுத்தார் என்பதை அன்பர்கள் அறிவர். ஆழ்வார் அரசசேவகத்தை விட்டு வந்தவர். தேசிகர் அதில் புகவே மறுத்தவர். இருவருக்கும் தெய்வநாயகன் ஒருவனே போதுமானவனாய் இருந்தான்.

சித்திரகூடம் சொல்லும் பாடம்

அங்கிருந்து ஆழ்வார் தில்லைக்கு எழுந்தருளினார். உடலை வருத்தி உண்ணா நோன்பு கிடப்பதும் ஐந்து தீயின் நடுவே நிற்பதும் வேண்டா, தில்லைத் திருச்சித்திரகூடம் சென்று சேர்மின்கள் என்னும் கருத்தில் முதல் திருமொழியைத் தொடங்கினார். மூவாயிரவர் மறையோதி வணங்குவதையும், பல்லவர்கோன் பொன்னும் முத்தும் மணியும் கொணர்ந்து பணிந்ததையும் அதில் குறித்தருளினார். அரசர்கள் பணியும் இடத்தில், அரசனைப் பணிந்திருந்த ஒருவர் விடுதலை பெற்றவராய் நின்று பாடினார்.

இத்தலத்துக்குச் சித்திரகூடம் என்னும் பெயர் அமைந்ததும் நினைக்கத்தக்கது. வனவாசத்தில் இராமபிரான் தங்கிய மலையின் பெயர் அது. நாட்டுக்குத் திரும்பி முடிசூட வேண்டும் என்று பரதாழ்வான், தாய்மாரும் குருமாரும் சூழ வந்து, கண்ணீர் மல்க மன்றாடிய இடம் அதுவே. அன்பினால் வந்த நெருக்கம் அச்சத்தால் வரும் நெருக்கத்தைவிட வலியது. இராமபிரான் தந்தையின் சொல்லில் நின்று இணங்கவில்லை. ஆனால் வெறுங்கையுடன் தம்பியைத் திருப்பியும் அனுப்பவில்லை. நாடு தலைவனின்றித் தவிக்காதபடி தன் பாதுகைகளைக் கொடுத்தருளினான். பதினான்கு ஆண்டும் அவை அயோத்தியை ஆண்டன. விடைபெறுபவர் தம் கடமைக்கு ஒரு வகை செய்துவிட்டே விடைபெற வேண்டும் என்பதற்கு இதனினும் உயர்ந்த சான்று இல்லை.

இத்திருச்சித்திரகூடத்தைப் பாடிய மற்றோர் ஆழ்வார் குலசேகரப் பெருமாள். அவரோ சேரநாட்டின் முடிமன்னர். அடியார் கூட்டத்தில் அவர் ஈடுபட்டு அரசை மறந்துவிடுவாரோ என்று அஞ்சிய மந்திரிகள், திருவாபரணம் ஒன்றை மறைத்து, பழியை வைஷ்ணவர்கள்மேல் சுமத்தினார்கள். அரசரை இருத்திவைக்க அவர்கள் கண்ட சூழ்ச்சி அது. அடியார்கள் கள்வர் அல்லர் என்று, பாம்பு அடைத்த குடத்தில் கையிட்டு அவர் மெய்ப்பித்தார். மந்திரிகள் பிழையை ஒப்புக்கொண்டனர். அதன்பின்னும் அவர் அரியணையை அப்படியே விட்டு ஓடவில்லை. மகனுக்கு முடிசூட்டிவிட்டே திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார். பெருமாள் திருமொழியின் இறுதியில் இராமகாதை முழுவதையும் 11 பாசுரங்களில் சுருக்கி, தில்லைத் திருச்சித்திரகூடத்து எம்பெருமானுக்கே அவர் சாத்தினார். முடிதுறந்த மன்னர், முடிதுறந்த பெருமானைப் பாட இத்தலத்தைத் தேர்ந்தது தற்செயல் ஆகுமோ!

எஞ்சிய நாட்களின் கைங்கர்யம்

திருமங்கையாழ்வார் தம் ஆற்றலைப் பின்னாளில் திருவரங்கனுக்கே ஆக்கினார். திருவரங்கத்தில் அவர் எழுப்பிய மதிற்சுற்று ஆலிநாடன் திருச்சுற்று என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நம்மாழ்வாருடைய திருவாய்மொழி திருவரங்கத்தில் ஓதப்பெறும் விழாவுக்கு வழிசெய்தவரும் இவரே என்பர். நிறைவில் தென்பாண்டி நாட்டுத் திருக்குறுங்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். தை அமாவாசைக்கு மறுநாள் திருநாங்கூரில் பதினோரு கருட சேவை நடைபெறும்போது, அந்தப் பதினோரு எம்பெருமான்களையும் எதிர்கொண்டு பாடுபவராக இன்றும் ஆழ்வார் எழுந்தருளுகிறார். ஒரு காலத்தில் அதே வயல்வெளிகளில் அரசனுக்காகக் குதிரை செலுத்தியவர் அவர்.

அன்பர்களே! நெய்வேலிச் சுரங்கத்திலும், கடலூர் ஆலைகளிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், கடைகளிலும் கழனிகளிலும் பிறர்கீழ்ப் பணிபுரிந்து வாழ்பவர்களே நம்மில் பெரும்பாலோர். ஏதோ ஒரு நாள், இருக்கும் பணியை விட்டு நீங்கவேண்டிய நிலை நமக்கும் நேரலாம். நீங்கலாகாது என்று நெருக்குவோரும் இருப்பார்கள். அப்போது திருமங்கை மன்னனை நினைப்போம். கொடுக்கவேண்டியதைக் கொடுப்போம், ஒப்புவிக்கவேண்டியதை ஒப்புவிப்போம், புகழ்ச்சிக்கு மயங்காமலும் மிரட்டலுக்கு வாளெடுக்காமலும் விடைபெறுவோம். எங்கே போகிறோம் என்பதை அறிந்து போவோம். எந்தப் பணியில் இருந்தாலும், விட்டு நீங்க வேண்டாத சேவகம் ஒன்று உண்டு. நம்மை ஏமாற்றாத தலைவன் ஒருவன் உளன். கெடிலக் கரையில் அவன் நின்றருளுகிறான், தில்லையில் கிடந்தருளுகிறான்.

திருமங்கையாழ்வார் திருவடிகளே சரணம்.